ஆல்பேட்டை செக்போஸ்ட்டும் ஒரு முந்திரி ஆர்டர் ஃபார்மும்: பிஎச்பியில் உள்ளீட்டைச் சரிபார்ப்பது

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி ஏறுகிறவர்களுக்குத் தெரியும். வண்டி கிளம்பும் முன்பே சில கண்டக்டர்கள் சொல்லிவிடுவார்கள்: "பையில பாட்டில் கீட்டில் இருந்தா இப்பவே இறங்கிடுங்க, அப்புறம் ஆல்பேட்டையில வம்பு." பயணிகள் "ஒன்னுமில்லண்ணே, துணிமணிதான்" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் கடலூருக்குள் நுழையும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீஸார் ஏறினால், பயணி கண்டக்டரிடம் என்ன சொன்னார் என்று விசாரிப்பதில்லை. பையைத் திறக்கச் சொல்கிறார்கள்.

இணையதளத்தை நடத்தும் கம்ப்யூட்டரான சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியைக் கற்க வருகிறவர்களுக்கு, உள்ளீட்டுச் சரிபார்ப்பை, அதாவது ஃபார்மில் தட்டி அனுப்பியது சரியா என்று பார்ப்பதை, நான் இந்தப் பஸ்ஸில் இருந்துதான் தொடங்குவேன். பிரவுசரில் நடக்கும் சோதனை கண்டக்டரின் கேள்வி. சர்வரில், பிஎச்பிக்குள் நடக்கும் சோதனை ஆல்பேட்டை. கண்டக்டர் கேட்பதால் பயணிக்கு வசதி. தவறு இருந்தால் கிளம்பும் முன்பே தெரிந்துவிடுகிறது. காவல் என்பது ஆல்பேட்டையில் மட்டும்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் என் அத்தை மகனுக்காக ஒரு ஆர்டர் ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன். பெயர், முகவரி, மாநிலம், பின்கோடு, போன் நம்பர், எத்தனை கிலோ, பரிசுப் பெட்டி எத்தனை, எந்தத் தேதிக்கு வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டுமா. இவ்வளவுதான். கிலோ கட்டத்துக்குக் குறைந்த அளவு 1 என்று பிரவுசரில் பக்கத்தை வரையும் எச்டிஎம்எல்லிலேயே எழுதியிருந்தேன். அது போதும் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் போன் வந்தது. "மச்சான், இந்த ஆளுக்கு நாமதான் 4,500 ரூபாய் தரணும்னு பில்லு வருது, பாரு."

ஆர்டரைத் திறந்து பார்த்தால், கிலோ: மைனஸ் 5. கிலோ 900 ரூபாய். பெருக்கினால் மைனஸ் 4,500. பிஎச்பி தன் கணக்கைச் சரியாகத்தான் செய்திருந்தது. பிரவுசரில் வலது கிளிக் செய்து, 'இன்ஸ்பெக்ட்' திறந்து, அந்தக் குறைந்த அளவு 1 என்பதை யார் வேண்டுமானாலும் அழித்துவிட முடியும். அதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். பிரவுசரே இல்லாமல், கர்ல் போன்ற ஒரு கருவியால் நேராக சர்வருக்கு என்ன மதிப்பையும் அனுப்பலாம். மறைத்து வைத்த ஃபீல்டு, டிராப்டவுன் பட்டியல், ரேடியோ பட்டன், குக்கி, இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருபவை எல்லாமே அப்படித்தான். விலையை மறைத்த ஃபீல்டில் வைத்து அனுப்பி, அதையே திரும்ப வாங்கிக் கணக்குப் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். விலை உங்களுடையது. அதை உங்கள் டேட்டாபேஸில் இருந்து எடுங்கள், வாடிக்கையாளரிடம் கேட்காதீர்கள்.

பிஎச்பியில் ஃபார்ம் கொண்டுவரும் மதிப்புகள் ஒரு அரேயில், அதாவது மதிப்புகளின் பட்டியலில், வந்து உட்காரும். டாலர் குறி, அடிக்கோடு, பெரிய எழுத்தில் போஸ்ட் என்று எழுதுகிறோமே, அதுதான். முகவரியில் வருபவை இதேபோல 'கெட்' என்ற அரேயில் வரும். முன்பு இப்படிக்கூட இல்லை. ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற ஏற்பாட்டில், முகவரியில் அட்மின்=1 என்று ஒருவர் தட்டினால் உங்கள் நிரலுக்குள் அட்மின் என்ற வேரியபிள் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) தானாகவே முளைத்துவிடும். 2002-இல் வந்த பிஎச்பி 4.2 அதை இயல்பாக அணைத்து வைத்தது. 2012-இல் வந்த 5.4 ஒரேயடியாக நீக்கியது. வெளியில் இருந்து வருவதற்குத் தனி இடம், நம்முடையதற்குத் தனி இடம் என்று மொழியே பிரித்துத் தர இத்தனை ஆண்டுகள் பிடித்தன. அதனால் அந்த அரேயில் இருந்து எடுத்த மதிப்பைச் சோதிக்காமல் வேறு வேரியபிளில் போட்டு, அது சோதித்தது போலவே பாவிக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

அந்த அரேயைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வரும் 5 எண் இல்லை, 5 என்ற எழுத்து, அதாவது ஸ்ட்ரிங். டிக் செய்யாத செக்பாக்ஸ் வெறுமையாக வருவதில்லை, வரவே வராது. அதனால் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். அப்புறம், ஃபீல்டின் பெயருக்குப் பின்னால் ஒருவர் சதுர அடைப்புக்குறி சேர்த்து அனுப்பினால் ஸ்ட்ரிங்குக்குப் பதில் ஒரு அரே வந்து நிற்கும். அதை, முன்பின் இடைவெளியை நீக்கும் ட்ரிம் என்ற ஃபங்ஷனிடம் (ஒரு வேலையைச் செய்து தரும் தயார் நிரலிடம்) கொடுத்தால் பிஎச்பி 8-இல் நிரல் அங்கேயே நின்றுவிடும். 'இது ஸ்ட்ரிங்தானா' என்று கேட்கும் ஒரு வரி எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கட்டும்.

சரி, கிலோவுக்கு வருவோம்.

புதிதாகப் படிக்கிறவர்கள் உடனே செய்வது, மதிப்புக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் இன்ட் (முழு எண்) என்று எழுதி எண்ணாக மாற்றிவிடுவது. அது மாற்றம், சோதனை ஆகாது. '5 கிலோ' என்று தட்டினால் 5 கிடைக்கும், அதுவரை பரவாயில்லை. 'ஐந்து' என்று தட்டினால் 0 கிடைக்கும். '5.5' என்றால் 5 ஆகிவிடும். அரைக் கிலோ முந்திரி காணாமல் போனது யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் கேட்டது ஒன்று, நாம் எழுதிக்கொண்டது ஒன்று, நடுவில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வியாபாரத்தில் இதைவிட மோசமானது இல்லை.

இதற்கென்றே பிஎச்பி 5.2-இல் இருந்து ஃபில்டர்_வார் என்ற ஃபங்ஷன் கூடவே வருகிறது. முழு எண்ணா என்று பார்க்கச் சொல்லி, குறைந்தது 1, அதிகம் 50 என்ற எல்லையையும் அதனிடமே கொடுத்துவிடலாம். சரியாக இருந்தால் எண்ணைத் தரும். இல்லையென்றால் ஃபால்ஸ், அதாவது 'பொய்' என்ற மதிப்பைத் தரும். மைனஸ் 5 அங்கேயே நின்றுவிடும், 5.5-உம் நின்றுவிடும். அரைக் கிலோ விற்பதாக இருந்தால் கிராமில் கேட்டு வாங்குங்கள்; 5,500 கிராம் முழு எண்தானே.

இங்கே ஒரு குழி இருக்கிறது. எங்கள் ஃபார்மில் 'பரிசுப் பெட்டி எத்தனை' என்ற ஃபீல்டு உண்டு. அதில் 0 சரியான பதில். ஃபில்டர்_வார் 0 என்ற எண்ணைத் தரும். அதை இரண்டு சமக்குறி போட்டு ஃபால்ஸுடன் ஒப்பிட்டால் பிஎச்பி இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடும். பெட்டி வேண்டாம் என்று சொன்ன நல்ல மனிதருக்குத் 'தவறான எண்' என்று பதில் போகும். மூன்று சமக்குறி போடுங்கள், அது மதிப்போடு வகையையும் ஒப்பிடும். வெறுமையா என்று பார்க்கும் எம்ப்டி ஃபங்ஷனும் இதே தவறைச் செய்யும். 0 என்ற ஸ்ட்ரிங்கை அது வெறுமை என்றே கருதும்.

பெயர் என்னும் பெரிய விஷயம்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே பெயர் ஃபீல்டுதான். சரிபார்ப்பு என்றாலே கள்ளனைப் பிடிப்பது என்று மட்டும் நினைக்கிறோம். நேர்மையாக வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதும் அதே வேலையின் மறுபாதி. அந்தப் பாதியில்தான் நாம் அதிகம் தவறுகிறோம், அதிலும் பெயரில்.

வெளிநாட்டுப் பாடங்களில் இருந்து எடுத்த சோதனை இப்படி இருக்கும்: ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் இடைவெளியும் மட்டும், முதல் பெயர் கட்டாயம், கடைசிப் பெயர் கட்டாயம். தமிழில் பெயரைத் தட்டினால் வெளியே. நம்மில் பலருக்குக் கடைசிப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. அதோடு வரும் புள்ளியும் வெளியே. புதுச்சேரியில் பிரெஞ்சு முறையில் பெயர் வைத்த குடும்பங்கள் எத்தனை! நடுவில் சிறு கோடு வரும், எழுத்தின் தலையில் குறி வரும், டி'சூசா போன்ற போர்ச்சுகீசியப் பெயர்களில் மேற்கோள் குறி வரும். எல்லாம் வெளியே. தன் பெயரே தவறு என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்லும்போது மனிதருக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

நீளத்திலும் சிக்கல் உண்டு. 'கடலூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: க, ட, லூ, ர். நீளம் சொல்லும் ஸ்டர்லென் ஃபங்ஷனைக் கேட்டால் 18 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டுகளை (கம்ப்யூட்டர் சேமிக்கும் சின்ன அலகுகளை) எண்ணுகிறது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், உலக மொழி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் பட்டியலின் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எம்பி_ஸ்டர்லென் 6 என்று சொல்லும். க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு. நம்மைப் போலவே 4 என்று எண்ணுவது கிராஃபீம்_ஸ்டர்லென். 'பெயர் 30-க்குள் இருக்க வேண்டும்' என்று ஸ்டர்லென்னால் சோதித்தால், ஆங்கிலத்தில் தட்டுகிறவருக்கு 30 எழுத்து. தமிழில் தட்டுகிறவருக்குப் பத்துகூடத் தேறாது. நான் பொதுவாக எம்பி_ஸ்டர்லென் வைத்து 100 என்று தாராளமாக விடுவேன்.

எழுத்து வகையைச் சோதிக்க, ஒரு பேட்டர்னோடு (எழுத்து அமைப்போடு) பொருந்துகிறதா என்று பார்க்கும் ப்ரெக்_மேட்ச் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எந்த மொழி எழுத்தாக இருந்தாலும் சரி என்று சொல்ல, யூனிகோடில் 'எல்' என்ற வகை உண்டு. அதை மட்டும் அனுமதித்தால் 'கமல' நுழையும், 'கமலா' நுழையாது. கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோட் கணக்கில் எழுத்துகள் அல்ல, 'எம்' வகையைச் சேர்ந்த குறிகள். எல், எம் இரண்டையும் சேர்த்தே அனுமதிக்க வேண்டும். பேட்டர்னின் கடைசியில் 'யு' போட மறக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால், பெயருக்கு இவ்வளவு காவல் தேவையே இல்லை. முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை ட்ரிம் செய்யுங்கள், வெறுமையாக இல்லை என்று பாருங்கள், நீளத்தைப் பாருங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தமிழில் தேடும் வசதி வைக்கிறவர்களுக்கு மட்டும் இன்னொரு வார்த்தை. 'கொ' என்பதை ஒரு கீபோர்டு, ஒகரக் குறி ஒன்றாக அனுப்பும். வேறொன்று எகரக் கொம்பு, கால் என்று இரண்டாக அனுப்பும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. டேட்டாபேஸ் பைட்டுகளை மட்டுமே ஒப்பிட்டால் இரண்டும் வேறு. உள்ளே வாங்கும்போதே பிஎச்பியின் நார்மலைசர் வழியாக ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பின்கோடு, போன், தேதி

பின்கோடு என்றால் ஆறு இலக்கம், முதல் இலக்கம் 0 ஆக இருக்காது. இது போதும். நான் அதிகமாகக் கெட்டிக்காரத்தனம் செய்து, மாநிலம் புதுச்சேரி என்றால் 605-இல் தொடங்க வேண்டும் என்று எழுதிவைத்தேன். புதுச்சேரி நகரத்துக்கு 605001, கடலூருக்கு 607001, சரியாகத்தானே தோன்றுகிறது? ஒரு வாரம் கழித்து ஒரு பெண் போன் செய்தார். "சார், நாங்க காரைக்கால். 609602 போட்டா தப்புங்குது. நாங்களும் பாண்டிச்சேரி மாநிலம்தானே?" அவர் கேட்டது நியாயம். காரைக்கால் 609602, மாஹே 673310, யானம் 533464. மூன்றும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம்தான். ஒன்று நாகப்பட்டினத்துப் பக்கம், ஒன்று கேரளத்துக்குள், ஒன்று ஆந்திரத்துக்குள். என் சோதனை மூன்று ஊரையும் ஒரே வரியில் வெளியே தள்ளியிருந்தது. எத்தனை பேர் போன்கூடச் செய்யாமல் போனார்களோ, அதற்குக் கணக்கு இல்லை. நிச்சயமாகத் தெரிந்த விதியை மட்டும் எழுதுவது என்று அன்று முடிவு செய்தேன்.

போன் நம்பரை எண்ணாகச் சேமிக்காதீர்கள். புதுச்சேரியின் எஸ்டிடி கோடு 0413, கடலூருக்கு 04142. எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள சைபர் போய்விடும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண் இல்லை, எழுத்துதான். நடுவில் இடைவெளியோ கோடோ முன்னால் +91-ஓ போட்டுத் தட்டினால் கோபிக்க வேண்டாம். அவற்றை நீங்களே நீக்கிவிட்டு மிச்சத்தைச் சோதியுங்கள்.

தேதியில் இரண்டு ஆபத்து. 05/06/2025 என்று சாய்கோடு போட்டு, எழுத்தைத் தேதியாக மாற்றும் ஸ்டர்டுடைம் ஃபங்ஷனிடம் கொடுத்தால் அமெரிக்க முறைப்படி மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 05-06-2025 என்று சிறு கோடு போட்டால் ஜூன் 5. நாம் இரண்டையும் ஒரே பொருளில்தான் எழுதுகிறோம். ஒரு கல்யாணத்துக்கான முந்திரி ஒரு மாதம் முன்னால் போய் நிற்கும். இரண்டாவது, 31-02-2025 என்று கொடுத்தால், தேதிகளைக் கையாளும் டேட்டைம் சத்தமில்லாமல் அதை மார்ச் 3 ஆக்கிவிடும். நாள், மாதம், வருடத்தைப் பிரித்து, அப்படி ஒரு தேதி உண்டா என்று பார்க்கும் செக்டேட் ஃபங்ஷனிடம் கேளுங்கள். அது மாதத்தை முதலில் வாங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும்போது ஒரு வேலை, போகும்போது வேறு வேலை

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் காலையில் போய் நின்று பாருங்கள். படகில் இருந்து இறங்கும்போது மீன் நல்லதா, கெட்டதா என்று பார்ப்பது ஒரு வேலை. பார்த்த பிறகு, வெளியூர் லாரிக்குப் போவது ஐஸில் இறங்கும், கருவாட்டுக்குப் போவது உப்பில் இறங்கும். எங்கே போகிறது என்பதைப் பொறுத்துக் கட்டு மாறும். இறங்கும்போதே எல்லா மீனிலும் உப்பைக் கொட்டினால் என்ன ஆகும்?

பிஎச்பியும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தது. மேஜிக் கோட்ஸ் என்ற ஏற்பாடு, உள்ளே வரும் எல்லா மேற்கோள் குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோட்டைத் தானாகச் சேர்த்துவிடும். பலரின் பெயர்கள் டேட்டாபேஸில் கோடுகளோடு கிடந்தன. அதுவும் 5.4-இல் நீக்கப்பட்டது. இன்று விதி தெளிவாக இருக்கிறது: வரும்போது சோதியுங்கள், எதையும் சேர்க்காமல் சேமியுங்கள், போகும் இடத்துக்கு ஏற்பக் கட்டுங்கள்.

டேட்டாபேஸுக்குப் போகும்போது: எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் (டேட்டாபேஸுக்கு இடும் கட்டளைக்குள்) மதிப்பை ஒட்டிச் சேர்க்காதீர்கள். டி'சூசா என்ற பெயரை அப்படியே ஒட்டினால் அந்த மேற்கோள் குறியோடு உங்கள் எஸ்க்யூஎல் வாக்கியம் முடிந்துவிட்டதாக டேட்டாபேஸ் நினைக்கும். மிச்ச எழுத்துகளைக் கட்டளையாகப் படிக்கும். நல்லவர் பெயரால் பிழை வரும். கெட்டவர் அந்த இடத்தில் ஒரு கட்டளையையே எழுதி வாடிக்கையாளர் பட்டியலை அள்ளிக்கொண்டு போவார். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான். தீர்வு, டேட்டாபேஸுடன் பேச பிஎச்பி தரும் பிடிஓவில் உள்ள ப்ரிப்பேர். வாக்கியத்தில் மதிப்பு வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்து முதலில் கொடுக்கிறோம், மதிப்பை எக்ஸிக்யூட்டில் தனியாகக் கொடுக்கிறோம். கட்டளை ஒரு வழி, சரக்கு ஒரு வழி; இரண்டும் கலக்கவே வாய்ப்பில்லை. மைஎஸ்க்யூஎல்_க்வெரி என்று தொடங்கும் பழைய பாடம் எதையாவது பார்த்தால் மூடிவிடுங்கள். அந்த ஃபங்ஷன்கள் 2015-இல் வந்த பிஎச்பி 7-இலேயே இல்லை.

திரைக்குப் போகும்போது: ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற ஃபங்ஷன். 'ஏதாவது சொல்ல வேண்டுமா' கட்டத்தில் ஒருவர் ஸ்கிரிப்ட் டேக் (பிரவுசரில் ஓடும் நிரல்) எழுதி அனுப்பினால், என் அத்தை மகன் ஆர்டரைத் திறக்கும்போது அது அவன் பிரவுசரில் ஓடும். அவன் லாகின் உரிமையோடு ஓடும். இந்த ஃபங்ஷன் கோணக்குறிகளையும் மேற்கோள் குறிகளையும் வெறும் எழுத்தாகக் காட்டச் செய்துவிடும். ஒற்றை மேற்கோளையும் இயல்பாகக் கவனிப்பது பிஎச்பி 8.1-இல் இருந்துதான், பழைய சர்வரில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். திரையில் காட்டும் எக்கோவை எழுதும் இடத்திலேயே இதைப் போடுங்கள், சேமிக்கும்போது வேண்டாம்.

படம் ஏற்றும் வசதி பற்றிச் சுருக்கமாக ஒன்று: இது ஜேபெக் என்று பிரவுசர் சொல்வதும் பயணி சொல்வது போலத்தான். ஃபைலின் உண்மை வகையைச் சொல்லும் ஃபைல்இன்ஃபோ வைத்து உள்ளே திறந்து பாருங்கள், ஃபைலுக்கு நீங்களே பெயர் வையுங்கள்.

திருப்பி அனுப்பும்போது

தவறு கண்டுபிடித்த பிறகு என்ன சொல்கிறோம் என்பதிலும் பாதி வேலை இருக்கிறது. 'தவறான உள்ளீடு' என்று மேலே சிவப்பில் ஒரு வரி போட்டு, தட்டியதை எல்லாம் அழித்துவிட்டு வெற்று ஃபார்மைக் காட்டும் தளங்கள் ஏராளம். வெயிலில் நின்று, சின்ன போனில், ஒரு கட்டைவிரலால் முகவரி முழுவதும் தட்டிய மனிதர் அவர். சரியாகத் தட்டியதை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, தவறான ஒன்றின் பக்கத்தில் தமிழில் எழுதுங்கள்: 'கிலோ 1 முதல் 50 வரை முழு எண்ணாக வேண்டும்.' பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டி நான்கு முறை அலைய விடாமல், ஒரே அரேயில் சேர்த்து மொத்தமாகக் காட்டுங்கள். திரும்பக் காட்டும் மதிப்பும் திரைக்குத்தான் போகிறது, அதற்கும் ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் உண்டு.

லாராவெல் போன்ற ஃப்ரேம்வொர்க்குகள் (தளம் கட்ட உதவும் தயார் கட்டமைப்புகள்) இவற்றில் பலவற்றைத் தயாராகவே தருகின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் 605-இல் தொடங்க வேண்டும் என்ற விதியை எழுதியது எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லை, நான்தான்.

ஃபார்ம் முடிந்துவிட்டது என்று யாராவது என்னிடம் காட்டினால், நான் உட்கார்ந்து இவற்றைத் தட்டிப் பார்ப்பேன். கிலோவில் மைனஸ் 5, 5.5, ஐந்து, வெறும் இடைவெளி. பரிசுப் பெட்டியில் 0. தேதியில் 31-02. பெயரில் டி'சூசா, அடுத்து கமலா. குறிப்பில் ஒரு ஸ்கிரிப்ட் டேக். இன்ஸ்பெக்ட் திறந்து மறைத்த ஃபீல்டின் மதிப்பை மாற்றி ஒரு முறை. இவ்வளவும் முடிந்த பிறகு, மாநிலம் புதுச்சேரி என்று தேர்ந்தெடுத்து, பின்கோடு 533464.